இருபத்தெட்டு மனித நாட்கள்

1981ஆம் ஆண்டு மாத்தளை நகரத்தில் பழைய கொக்கோ ஸ்டோர் ஒன்றைக் கழுவிச் சுண்ணாம்படித்து, அதில் 'இயற்கை நார்க் கட்டடப் பொருள் அபிவிருத்தி அலகு' என்ற அரசாங்கக் கந்தோரைத் திறந்தார்கள். தேங்காய் மட்டை நாரான தென்னந்தும்பையும் சீமெந்தையும் மணலையும் குழைத்துக் கூரைத் தகடு செய்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் ஓட்டைத் தகரங்களையெல்லாம் மாற்றிவிடுவது அதன் நோக்கம். அலகில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். எட்டுப் பேர் கடிதம் எழுதினார்கள். இரண்டு பேர் அந்தக் கடிதங்களைச் சுமந்து சென்றார்கள். தகடு செய்தவன் ஒஸ்வல்ட்.

ஒஸ்வல்ட்டுக்கு முப்பத்துநான்கு வயது. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மேசன் பாஸ் என்ற தலைமைக் கொத்தனாருக்குச் சாந்து குழைத்துப் பழகியவன். அவனுக்கு வந்த நியமனக் கடிதத்தில் 'ஈரலிப்பு உதவியாளர் (தற்காலிகம்)' என்று இருந்தது. அவன் அதை லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பராவில் உட்கார்ந்து இரண்டு தரம் உரக்க வாசித்தான்.

"ஈரலா?" என்றாள் அவன் மனைவி மரியாயி. "ஆஸ்பத்திரி வேலயாங்க?"

"ஈரல் இல்ல. ஈரம். தகட்டுக்கு ஈரம் போடணுமாம்."

"அதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்டுவிட்டு, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மரியாயி மலைக்குப் போனாள். அவள் அப்போது மூன்று மாதம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த மூன்று மாதம். புதுத் தகடு முதலில் போடப்போவது அவர்களுடைய லயத்துக்குத்தான் என்று அலகில் முடிவாகியிருந்தது. அந்த லயம் பாதையிலிருந்து பார்த்தால் தெரியும் என்பது ஒன்றே அதற்குக் காரணம். காரணம் எதுவாக இருந்தாலும், பிறக்கப்போகும் பிள்ளை ஒழுகாத கூரைக்குக் கீழே பிறக்கும் என்பதால் ஒஸ்வல்ட் மறுநாளே பஸ் ஏறிப்போய் வேலையை ஒப்புக்கொண்டான்.

வேலை இன்னதென்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க, பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுகூடத்திலிருந்து டொறீன் என்ற பெண் ஆறு வாரத்துக்கு வந்திருந்தாள். வயதில் ஒஸ்வல்ட்டை விட இளையவள். கையில் சீமெந்து படுவதைப் பற்றிக் கவலைப்படாத ஒரே உத்தியோகத்தர் அவள்தான்.

"காயறதால சீமெந்துக்குப் பலம் வாறதில்ல ஒஸ்வல்ட்," என்றாள். "அது தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் இறுகுது. செஞ்ச கையோட வெயில்ல போட்டா, குடிக்கத் தண்ணி இல்லாம பாதியில நின்னுடும். தும்பும் சுருங்கிச் சாந்த விட்டுடும். நெழல்ல வச்சு, ஈரச்சாக்குப் போட்டு, இருபத்தெட்டு நாள் காயாமப் பாத்துக்கணும்."

சொன்னதோடு விடவில்லை. ஒரே நாளில், ஒரே கலவையில் இரண்டு தகடு செய்வித்தாள். ஒன்றை முற்றத்து வெயிலில் போட்டாள், மற்றதை ஈரச்சாக்குக்குக் கீழே வைத்தாள். இருபத்தெட்டாம் நாள் இரண்டையும் கல்லுக்குக் கல் பாலம் போல வைத்து, நடுவில் மணல் வாளிகளைத் தொங்கவிட்டாள். வெயில் தகடு மூன்றாவது வாளியில் 'டக்'கென்று இரண்டாகப் போயிற்று. ஈரத் தகடு ஏழு வாளியைத் தாங்கி, எட்டாவதில்தான், அதுவும் தும்பு ஒவ்வொன்றாக இழுபட்டு, போக மனமில்லாமல் போயிற்று. ஒஸ்வல்ட் அந்தத் தும்புகளைக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறு கிழமை முடிந்ததும் டொறீன் போய்விட்டாள். அவளுடைய சேவையை நீடிக்கலாம் என்ற அனுமதி, அவள் போய் ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தது.

அலகின் பொறுப்பதிகாரி ஞானசுந்தரம் யாழ்ப்பாணத்தவர். நீர்ப்பாசனம், மீன்பிடி, சிறைச்சாலைத் தச்சுவேலை என்று பல பகுதிகளில் இருபத்தைந்து வருஷம் சேவை செய்தவர். கெட்ட மனிதரல்ல. தகடு உடைந்தால் இன்னொன்று செய்யலாம், கடிதக் கோவை தொலைந்தால் என்ன செய்வது என்று மனப்பூர்வமாக நம்பியவர். ஒஸ்வல்ட் முதல் நூற்றிருபது தகட்டையும் வார்த்து ஈரச்சாக்குப் போட்ட இரண்டாம் நாள் அவனைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஈரலிப்புப் பதிவேடு திறந்திருந்தது.

"ஒஸ்வல்ட், நேற்று ஆறு மணிக்குத் தண்ணி தெளிச்சதாப் பதிஞ்சிருக்கிறீர். ஆர் அத்தாட்சிப்படுத்தினது?"

"யாருமில்லீங்க ஐயா. எல்லாரும் நாலேகாலுக்கே போயிட்டாங்க."

"அப்ப அது தெளிக்கப்படேல்லை."

"தெளிச்சேங்க. சாக்கு இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

"சாக்கு ஈரமா இருக்கலாம். பதிவு காய்ஞ்சுபோய்க் கிடக்குது," என்றார் ஞானசுந்தரம், வருத்தத்தோடு.

அன்றைக்கே சுற்றுநிருபம் ஒன்று வந்தது. அலுவலக நேரத்துக்கு வெளியே தெளிக்கப்படும் தண்ணீர் தண்ணீராகக் கருதப்படமாட்டாது. சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா தினங்களில் தகடுகளும் விடுமுறையில் உள்ளனவாகக் கொள்ளப்படும். ஒஸ்வல்ட் அதை வாசித்துக் கையொப்பமிட்டான். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, பின்பக்க யன்னலால் இறங்கி, திருடனைப் போலத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான்.

இதற்கிடையில் ஸ்டோர் முற்றத்துக் கிணறு வற்றத் தொடங்கியது. நகரசபைக்குக் கடிதம் எழுதிக் குழாய்த் தண்ணீர் கேட்க வேண்டும். ஞானசுந்தரம் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் பெயர்ப்பது எழுதுவினைஞர் சுசீலாதேவியின் பொறுப்பு. அவரும் யாழ்ப்பாணம்தான். அலகில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தும் சொல்வதற்கு அதிகாரமில்லாத ஒரே ஆள். தகட்டை ஈரத்தில் வைத்துப் பதப்படுத்துவதற்கு ஆங்கிலத்தில் 'கியூரிங்' என்று பெயர். அரசாங்கச் சொற்றொகுதியில் அந்தச் சொல்லுக்கு நேரே 'குணப்படுத்தல்' என்றிருந்தது. தகடு என்பதற்கு எழுதியிருந்த 'ஷீட்'டுக்கு நேரே 'படுக்கை விரிப்பு' என்றிருந்தது.

"ஐயா, இது பொருந்தாது," என்றார் சுசீலாதேவி.

"சொற்றொகுதியில இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப பொருந்தும்."

ஆகவே, மேற்படி அலகில் நூற்றிருபது படுக்கை விரிப்புகளைக் குணப்படுத்துவதற்கு நாளொன்றுக்கு மூன்று முறை தண்ணீர் அவசரமாகத் தேவைப்படுகின்றது என்று கடிதம் போயிற்று. அதை வாசித்தவர் பயந்துபோய்ச் சுகாதாரப் பகுதிக்கு அனுப்பினார். அந்த மாதம் அங்கங்கே வயிற்றோட்டம் என்று பேச்சிருந்தது. நூற்றிருபது படுக்கை, ஓயாமல் தண்ணீர், குணப்படுத்தல். வேறென்னவாக இருக்க முடியும்? நான்காம் நாள் காலை சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"நோயாளிகள் எங்க?"

ஒஸ்வல்ட் சாக்கைத் தூக்கிக் காட்டினான். பரிசோதகர் தகடுகளைப் பார்த்தார். கையிலிருந்த கட்டளையைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நூத்தியிருபது," என்றார். "கணக்குச் சரி."

"சேர், இது கூரைக்குப் போடுற தகடுங்க," என்றான் ஒஸ்வல்ட்.

"மனுசரா தகடான்னு எனக்கு எழுதித் தரல்ல. நூத்தியிருபதத் தனிமைப்படுத்தச் சொல்லியிருக்கு. இங்க நூத்தியிருபது இருக்கு. நான் திரும்பிப்போய் இல்லன்னு எழுதினா, அவுங்க எங்க போனாங்கன்னு என்னத்தான் கேப்பாங்க."

ஸ்டோர் கதவில் 'தொற்று நோய்ப் பிரதேசம், உட்பிரவேசம் தடை' என்ற பலகை ஏறியது. நாலு கிழமைக்கு யாரும் உள்ளே போகக் கூடாது. நாளுக்கு மூன்று தரம் கிருமி கொல்லும் வெளிற்றுத்தூள் கரைத்த தண்ணீர் தெளிக்க வேண்டும். அதற்கென்று சுகாதாரப் பகுதி ஜமால்தீன் என்ற தொழிலாளியைத் தண்ணீர் வண்டியோடு அனுப்பிவைத்தது. ஐம்பது வயது மனிதர், வேலையில் கண்டிப்பானவர். ஒஸ்வல்ட் யன்னலுக்கு வெளியே நின்று, "நானா, அந்த மூலைக்கு இன்னுங் கொஞ்சம்," என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிக்கொடுப்பான். தன்னுடைய வேலையை இன்னொருவர் செய்வதை யன்னலால் பார்ப்பதற்கு அவனுக்குச் சம்பளம் தொடர்ந்து வந்தது. பதிவேட்டில் தெளிப்பு என்ற இடம் வெறுமையாக இருந்ததால் யாரும் எதையும் அத்தாட்சிப்படுத்த வேண்டியிருக்கவில்லை, ஞானசுந்தரத்துக்கும் நிம்மதி.

ஆகஸ்டில் தமிழருக்கெதிரான கலவரம் வந்தது. வேறு மாவட்டங்களில் லயங்களை எரிக்கிறார்கள் என்று செய்தி எல்கடுவைக்கு நடந்தே வந்தது. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, பஸ் இல்லை. தோட்டத்து ஆண்கள் பாதையோரம் முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒஸ்வல்ட்டும் உட்கார்ந்திருந்தான். மரியாயியின் உடுப்புகளை ஒரு பையில் கட்டி, தேவையானால் காட்டுக்குள் இறங்க வழி பார்த்து வைத்திருந்தான். அந்த நேரத்திலும் அவன் மனதின் ஒரு மூலையில் நூற்றிருபது தகடும் காய்ந்துகொண்டிருந்தன. அதைச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நாலு நாள் கழித்து டவுனுக்குப் போனபோது, ஜமால்தீன் ஸ்டோர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே சாக்குகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"ஊரடங்குல எப்படி நானா வந்தீங்க?"

"சுகாதாரத்துக்குப் பாஸ் இரிக்கி தம்பி. அத்தியாவசிய சேவ. செக்பொயின்ட்டுல நிப்பாட்டினாங்க. நூத்தியிருபது நோயாளி இரிக்கின்னு கடதாசியக் காட்டினேன், சலூட் அடிச்சி விட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தகடுன்னு எனக்குந் தெரியும். ஆனா ஒன்னோட கூரைன்னு சொன்னியே. அதான் ஒரு நேரமும் விடல்ல."

தனிமைப்படுத்தல் முடிந்து பலகையைக் கழற்றியபோது, டொறீனின் ஒற்றைத் தகட்டை விட்டால், அந்த நூற்றிருபது தகடுகள்தான் அலகின் வரலாற்றிலேயே முறைப்படி ஈரம் போடப்பட்ட தகடுகளாக இருந்தன. ஒஸ்வல்ட் ஒன்றை விரல் மொளியால் தட்டினான். 'கிண்' என்றது. கண் கலங்கிவிட்டது. வெளிற்றுத்தூளால் என்றுதான் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னான்.

ஆனால் அந்த வெளிற்றுத்தூள் தகடெங்கும் வெள்ளை வெள்ளையாகப் படை விட்டிருந்தது. ஞானசுந்தரம் வந்து பார்த்தார்.

"உதென்ன காணும்? வெண்குட்டம் பிடிச்ச மாதிரிக் கிடக்கு!"

"பலமான தகடுங்க ஐயா. யானை நின்னாலும் தாங்கும்."

"யானை வரேல்லை. செயலாளர் வாறார்."

அமைச்சின் செயலாளர் கொழும்பிலிருந்து வந்து புதுக் கூரையைத் திறந்து வைக்கப்போகிறார் என்று அன்று காலைதான் கடிதம் வந்திருந்தது. இன்னும் பத்து நாள். சுபவேளையும் பார்த்தாயிற்று. வெண்குட்டத் தகடுகளை உடைத்துப் பாதைக் குழிகளுக்குப் போட்டுவிட்டு, அழகாக நூற்றிருபது புதுத் தகடு செய்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, செங்காவி அடிக்கும்படி உத்தரவாயிற்று. கூலிக்கு நாலு பேரைப் பிடித்து, ஆறு நாளில் வார்த்து முடித்தார்கள். மிச்சம் நாலு நாள்.

"ஐயா, நாலு நாள் பத்தாதுங்க," என்றான் ஒஸ்வல்ட். "இருபத்தெட்டு நாள் வேணும். அதுவும் ஈரத்துல."

ஞானசுந்தரம் சிரித்தார். அவருக்கு இப்படிப்பட்ட சிக்கல்கள் பிடிக்கும்.

"எழுதுவினைஞரை விட்டிட்டு நாங்கள் ஏழு உத்தியோகத்தர் இருக்கிறம். ஏழு பேரும் நாலு நாளைக்குத் தகட்டை மேற்பார்வை செய்யிறம். ஏழு நாலு?"

"இருபத்தெட்டுங்க."

"இருபத்தெட்டு மனித நாட்கள். எழுதுங்கோ சுசீலாதேவி. தகடுகள் இருபத்தெட்டு நாட்களைப் பூர்த்தி செய்துள்ளன."

சுசீலாதேவி எழுதினார். ஏழு உத்தியோகத்தரும் வரிசையாக வந்து, முற்றத்து வெயிலில் வெந்துகொண்டிருந்த தகடுகளைப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார்கள். ஒஸ்வல்ட் எட்டி நின்று பார்த்தான். இந்தத் தகடுகள் தன் லயத்தின் ஆறு காம்பராவுக்கும் மேலே ஏறப்போகின்றன. கீழே ஆறு குடும்பம். அதில் ஒன்றில் ஆறு மாத வயிற்றோடு மரியாயி.

மத்தியானம் அவன் சுசீலாதேவியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மிஸ், பழைய தகட்ட ஒடைக்க வேணாம்னு ஐயாகிட்ட சொல்லுங்க. அதுதான் மிஸ் நல்ல தகடு."

"நல்லதெண்டு சொன்னா அவர் கேக்கமாட்டார்," என்றார் சுசீலாதேவி. பேனையை மூடி வைத்தார். "கூடாததெண்டு சொல்லுங்கோ. இஞ்ச பாருங்கோ ஒஸ்வல்ட், செயலாளர் இருக்கப்போற மேடைக்கு என்ன கூரை?"

"தென்னோலைக் கிடுகு போடச் சொன்னாரு."

"அமைச்சின் செயலாளர் கிடுகுக்குக் கீழ, தோட்டத் தொழிலாளர் முதல்தரத் தகட்டுக்குக் கீழயோ? இதை நீங்கள் போய்க் கேளுங்கோ. சும்மா கேட்டாலே காணும்."

ஒஸ்வல்ட் போய்க் கேட்டான். ஞானசுந்தரத்தின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு பிரகாசித்தது. எவ்வளவு பெரிய அவமரியாதையிலிருந்து அலகு தப்பியது! மேடை, வரவேற்பு வளைவு, உத்தியோகத்தரின் தேநீர்க் கொட்டில் எல்லாவற்றுக்கும் புதுத் தகடு. லயத்துக்கு வெண்குட்டத் தகடு. "தொழிலாளருக்கு இரண்டாம் தரம் போதும். அவையளும் அதைத்தான் எதிர்பார்ப்பினம்," என்றார்.

இரண்டே நாளில் லயத்துக்குக் கூரை ஏறியது. ஒஸ்வல்ட் ஒவ்வொரு தகட்டையும் தன் கையாலேயே வைத்தான். வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்தில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டபடி, நடந்ததை மரியாயிக்குச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான்.

"நம்ம கூர நல்லதாப் போச்சு, சரி," என்றாள் மரியாயி. "அந்த மேடைக்குக் கீழ உக்கார்றவுங்களுக்கும் தல இருக்குல்லங்க?"

ஒஸ்வல்ட் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினான்.

மறுநாள் சுசீலாதேவியைக் கொண்டு ஞானசுந்தரத்துக்குக் கடிதம் எழுதுவித்தான். மேடைத் தகடு விழக்கூடும், கீழே யாரும் உட்கார வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது: உமது முறைப்பாட்டை உரிய படிவத்தில் சமர்ப்பிக்கவும். அந்தப் படிவத்தில் விழுந்த திகதி, விழுந்த நேரம், காயமடைந்தோர் விபரம் என்றிருந்தது.

"விழுந்ததுக்குத்தான் படிவம் இருக்கு," என்றார் சுசீலாதேவி. "விழ முந்திச் சொல்லுறதுக்கு அரசாங்கத்திட்ட ஒண்டுமில்லை."

விழா நாள் காலை ஒஸ்வல்ட் தோட்டத்திலிருந்து மூன்று மரக்கம்பு வெட்டி வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கட்டியிருந்த மேடைக் கூரைக்கு முட்டுக் கொடுத்தான். ஞானசுந்தரம் ஒன்பது மணிக்கு வந்து மூன்றையும் கழற்றச் சொன்னார். படம் எடுக்கும்போது நடுக் கம்பு செயலாளரின் முகத்தை மறைக்கிறதாம். ஒஸ்வல்ட் கதிரைகளை வெளியே இழுத்துப் போட்டான். அவற்றைத் திரும்ப உள்ளே போடுவித்தார்கள். கடைசியில் அவன் மேடைப் படிக்குப் பக்கத்தில், கூரையைப் பார்த்தபடி நின்றுகொண்டான். அங்கே நிற்க வேண்டாம் என்று சொல்வதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

செயலாளர் வந்தார். தப்பு முழங்கியது, மாலை விழுந்தது. அவர் சிங்களத்தில் பேசினார், சுசீலாதேவி வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொன்னார்.

"இந்தத் தகட்டை நான் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஆகவே எந்தப் பக்கச்சார்பும் இல்லாமல் பாராட்ட என்னால் முடிகிறது."

கைதட்டினார்கள்.

"இருபத்தெட்டு நாள் தகட்டைச் சும்மா வைத்திருக்க வேண்டுமாம். எங்கள் அமைச்சுக்கு அது பெரிய காரியமல்ல. எத்தனையோ விஷயங்களை நாங்கள் வருஷக்கணக்கில் சும்மா வைத்திருக்கிறோம். ஆனால் தகட்டுக்கு மட்டும்தான் அதனால் பலம் வந்திருக்கிறது."

பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை என்று கூச்சல் போட்டார்கள். செயலாளர் பேச்சை நிறுத்தி, கேட்கச் செய்யுமாறு கையசைத்தார். ஒலிபெருக்கிக்காரர் ஏணி வைத்து ஏறி, கூரைமேல் ஏற்கனவே கட்டியிருந்த குழலுக்குப் பக்கத்தில் இரண்டாவது குழலையும் கட்டினார்.

"இந்தக் கூரைக்குக் கீழே நிற்க எனக்குக் கொஞ்சமும் பயமில்லை," என்றார் செயலாளர், இப்போது இரட்டிப்புச் சத்தத்தில். "ஏனென்றால் நான் பொறியியலாளன் அல்ல."

அவருடைய குரல் குழலில் அதிர, குழல் தகட்டில் அதிர்ந்தது. செங்காவியில் முடி போல ஒரு கோடு ஓடுவதை ஒஸ்வல்ட் கண்டான். அவர் 'அபிவிருத்தி' என்றபோது கோடு ஒரு சாண் நீண்டது. பிறகு, ஒஸ்வல்ட்டுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் காய்ந்த சத்தம், 'டக்' என்று கேட்டது.

அவன் யோசிக்கவில்லை. படியேறி, அரசாங்கத்தின் செயலாளரை மணிக்கட்டில் பிடித்து, "வாங்க சேர்" என்று இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். "மிஸ், நீங்களும்!" என்று கத்தினான். சுசீலாதேவி அவன் முகத்தைப் பார்த்தவுடனேயே குதித்துவிட்டார். செயலாளர் எங்கே போனாலும் இரண்டடி பின்னால் போவது ஞானசுந்தரத்தின் வழக்கம். அந்த வழக்கம் அவர் உயிரைக் காப்பாற்றியது. குழல் இரண்டும் தகடு பத்துப் பன்னிரண்டும் ஒன்றாக இறங்கி, வெள்ளைத் துணி விரித்த கதிரைகளை மரச்சிம்பாக்கின. தூசு அடங்கியபோது எல்லோரும் தங்கள் தலைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

மூன்று மணிக்குப் பொலிஸ் வந்து ஒஸ்வல்ட்டை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"விழப்போவுதுன்னு உனக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?" என்று கேட்டார்கள்.

அந்த வருஷத்தில் எதையாவது முன்கூட்டியே தெரிந்திருப்பது ஒரு தமிழனுக்கு நல்லதல்ல. ஒஸ்வல்ட் ஈரம், நிழல், தும்பு, இருபத்தெட்டு நாள் எல்லாவற்றையும் சொன்னான். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். 'தும்பு' யாருடைய பட்டப்பெயர் என்று கேட்டார்கள். மறுநாள் மத்தியானம் வரை வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்து, விசாரணைக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். மரியாயி லயத்துப் பெண்களோடு வந்து வாசலிலேயே நின்றிருந்தாள். ஒஸ்வல்ட்டைக் கண்டதும் அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அவர்கள் கோவையை வாசித்தார்கள். தகடுகள் இருபத்தெட்டு நாட்களைப் பூர்த்தி செய்ததாக ஏழு உத்தியோகத்தர் கையொப்பமிட்டிருந்தார்கள்.

"நாலு நாள் தகடுங்க," என்றான் ஒஸ்வல்ட்.

"நாலு நாள் என்றால் ஏழு உத்தியோகத்தர் பொய் சொல்லியிருக்க வேண்டும்," என்றார் குழுத்தலைவர். "அது சாத்தியமில்லை. ஒருவர் சொல்லலாம். ஏழு பேர் என்றால் அது கொள்கை."

ஆகவே தகடுகள் இருபத்தெட்டு நாள் தகடுகள். அவற்றின் பலத்தை நேரில் அறிய மூவரும் எல்கடுவைக்கு வந்து, லயத்துக் கூரையில் மணல் மூட்டை ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு தாங்களே ஏறி நின்றார்கள். மூன்று பேரும் கனத்த மனிதர்கள். கூரை அசையவில்லை. அலகின் தகடுகள் விழ மாட்டா என்று குழு முடிவு செய்தது. விழ மாட்டாத தகடு விழுந்திருக்க முடியாது. விழாத தகட்டை முன்கூட்டி அறிந்திருக்க ஒஸ்வல்ட்டாலும் முடியாது. அவன் குற்றமற்றவன். தகடுகள் யாவும் ஈரலிப்பைப் பூர்த்தி செய்துவிட்டதால் ஈரலிப்பு உதவியாளர் இனி அவசியமில்லை என்று கடைசிப் பந்தி சொன்னது.

கார்த்திகையில் மழை பிடித்தது. எட்டு நாள் விடாமல் பெய்தும் அந்த ஆறு காம்பராவில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. ஒன்பதாம் நாள் மரியாயிக்கு மகள் பிறந்தாள். கீழ் லயத்துக்காரர்கள் குழந்தை பார்க்க வந்து, குழந்தையைக் கொஞ்ச நேரமும் கூரையை நெடுநேரமும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு தோட்டத்துத் துரையிடம் கும்பலாகப் போய்ச் சீமெந்து கேட்டார்கள். அலகு கழித்துப்போட்ட தகட்டு அச்சுகளை ஜமால்தீன் ஒரு லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து தந்தார். ஓடைக்குப் பக்கத்தில், மரநிழலில், ஒஸ்வல்ட் திரும்ப வார்க்கத் தொடங்கினான். மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் போகிறபோது ஆளுக்கொரு வாளி ஊற்றிவிட்டுப் போவார்கள். பதிவேடு இருக்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடைக்கரைப் பாதையில் ஞானசுந்தரம் இறங்கி வந்தார். தனியாகத்தான் வந்தார், அதுவும் பஸ்ஸில்.

"ஒஸ்வல்ட், சுகமோ?"

"நல்லா இருக்கேங்க ஐயா. ஒக்காருங்க."

உட்கார்ந்தார். தகடுகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எங்கட குவார்ட்டர்ஸ் குசினி ஒழுகுது. மனுசி இரத்தினம்மா ஒரே ஏச்சு. உம்மட்ட ஒரு இருபது தகடு எடுக்கலாமோ எண்டு பாத்தன்."

"அலகுல நூறு தகட்டுக்கு மேல கெடக்குமே ஐயா?"

"கிடக்கு."

"அப்புறம் ஏங்க?"

ஞானசுந்தரம் கக்கத்துக் குடையை எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"அதுகளின்ட கோவை முழுக்க நான்தான் காணும் எழுதினது," என்றார்.

ஒஸ்வல்ட் சிரிக்கவில்லை. எழுந்துபோய், முந்தைய நாள் வார்த்த தகடுகளில் இருபதை எண்ணிக் காட்டினான். "இது ஒங்களுக்குங்க. இருபத்தெட்டு நாளாகும்."

"ஒரு கிழமையில..." என்று தொடங்கிய ஞானசுந்தரம் அத்தோடு நிறுத்திக்கொண்டார். "சரி. ஆகட்டும்."

ஒஸ்வல்ட் ஒரு வாளியை ஓடையில் தோய்த்து அவரிடம் நீட்டினான். ஞானசுந்தரம் பாதையை மேலும் கீழும் பார்த்தார். யாருமில்லை. சப்பாத்தைக் கழற்றி ஒரு கல்லின்மேல் வைத்தார், காற்சட்டையை மடித்துவிட்டார், வாளியை வாங்கிச் சாக்கின் நடுவில் மெதுவாக ஊற்றத் தொடங்கினார்.

குழந்தையைத் தோளில் சாய்த்தபடி மேட்டில் நின்ற மரியாயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஓரத்துக்கும் ஊத்துங்க," என்றாள். "ஓரந்தான் மொதல்ல காயும்."

ஞானசுந்தரம் குனிந்து ஓரத்துக்கும் ஊற்றினார்.